சீலைக்குக் கீழே தெரிந்த கால்கள்

மாமி,

காலையிலிருந்து வீடு முழுக்கப் பெயின்ட், தின்னர் மணம். நாளைக்கு உங்கள் முதலாம் ஆண்டுத் திவசம் என்று வசந்தி வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் பிடித்திருக்கிறாள். சுவரெல்லாம் முடித்துவிட்டு அந்த மனிதர் குசினி வாசலில் வந்து குந்தினார். நிலத்தில் நான் போட்டு வைத்திருக்கும் மஞ்சள் கோடுகளைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னண்ணே, வீட்டுக்குள்ள றோட்டுக்கோடு போட்டிரிக்கீங்க? பஸ் ஏதும் போறதா?”

அவர் தின்னர் நனைத்த துணியை முதல் கோட்டில் வைக்கவும் நான் கத்திவிட்டேன். வாவியின் எதிர்க்கரைக்குக் கேட்கிற மாதிரிப் பேசிப் பழகிய வாய் என்னுடையது, உங்களுக்குத் தெரியும். மனிதர் துணியைக் கீழே போட்டுவிட்டு எழும்பி நின்றார். வசந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அத விட்டிருங்க தம்பி. அது எங்கட அம்மாட கோடு,” என்றாள். வேலைக்கு வந்த மனிதர்மேல் இப்படிப் பாய்ந்தேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, விறாந்தையில் வந்து இருந்து இதை எழுதுகிறேன். உங்களோடு முகத்துக்கு நேரே பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுதுவதுதான் எனக்கு லேசாக இருக்கிறது.

கலியாணம் முடித்து, படுவான்கரையிலிருந்து ஒரு சூட்கேசோடு வாவியைக் கடந்து உங்கள் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? நம்முடைய வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டை உங்கள் பெட்டை வசந்திக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நீங்கள் குசினியோடு ஒட்டிய சின்ன அறைக்குப் போனீர்கள். கதவில்லாத அந்தக் குசினி வாசலில் உங்கள் பழைய நூல்சீலை ஒன்றை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டீர்கள். அன்றிலிருந்து சீலைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான்.

இந்தக் காலத்தில் யார் மாமி இப்படி இருந்தார்கள்? பக்கத்து வளவு மாமி மருமகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி இருந்து கோயிலுக்குப் போய் வந்தா. நீங்களோ என் முன்னால் கதிரையில் இருந்ததில்லை. என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை, முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. எனக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் பூனைக்குச் சொல்வீர்கள். “சோறு ஆறுது. ஆக்கள் வந்தாச் சாப்பிடலாம்.” அந்த ஆக்கள் நான் ஒருவன்தான். மேசையில் எல்லாம் மூடி வைத்திருக்கும். நான் சாப்பிட்டு எழும்பும்வரை நீங்கள் சீலைக்குப் பின்னால் நிற்பீர்கள். கறி போதாவிட்டால் எடுத்துத் தர வேண்டும் என்று நிற்பது. நான் சாப்பிட்ட பிறகுதான் உங்கள் வாயில் ஒரு பருக்கை போகும். சீலை நிலத்தைத் தொடாது. அதற்குக் கீழே உங்கள் பாதம் இரண்டும் தெரியும், வலது காலில் சின்னவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி இருக்கும். உங்கள் முகத்தைவிட அந்தக் கால்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு அது பெருமையாக இருந்தது. நான் வேலை செய்யும் பாதையில், மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஏற்றி வாவியைக் கடத்துகிற அந்த மிதவையில், கூட வேலை செய்கிறவர்களிடம் அளந்திருக்கிறேன். “எங்கட மாமி இண்டைக்கும் என்ட முன்னால வரமாட்டா. மரியாதை எண்டா அப்பிடி!” இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

உங்கள் கைநடுக்கம் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. வசந்திக்கும் தெரியாது. நீங்கள் கையை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தீர்கள், குளிர்கிறது என்றீர்கள். மேசைக்கு வரும் கறிகளின் எண்ணிக்கை மெல்ல மெல்லக் குறைந்தது. சொதி சட்டியோடு வந்தது. நான் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, மனதுக்குள் மட்டும் முறுகிக்கொண்டேன்.

பிறகு அக்கா வந்தா. என் அக்கா படுவான்கரையிலிருந்து இரண்டு முட்டித் தயிரும் தலையில் பூவுமாக ஆசையோடு வந்து இறங்கினா. நீங்கள் சீலையை விலக்கி எட்டிப் பார்த்தீர்கள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. சிரிக்கவில்லை. வாங்க என்ற சொல்லும் அவவின் காதுக்கு எட்டவில்லை. அக்கா போகும்போது படலையடியில் நின்று சொன்னா, “உன்ட மாமிக்கு நாங்க கண்ணுக்குத் தெரியல்ல போல. இனி நீயே வந்து எங்களப் பாத்திட்டுப் போ.” எனக்கு இரத்தம் கொதித்தது. அன்றைக்கு வசந்தியோடு சண்டை. ஒரு கிழமை துறையடித் தேத்தண்ணிக் கடையில் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு, மத்தியானத்தில் வீட்டுப் பக்கம் வராமல் இருந்தேன். அந்த ஒரு கிழமையும் மேசையில் சோறு மூடி இருந்தது என்று வசந்தி பிறகு சொன்னாள். நான் சாப்பிடாததால் நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கோபம் ஆறி மறுபடி வந்த பிறகு ஒரு நாள். வசந்தி தையல் கடைக்குப் போயிருந்தாள். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சாய்வுக் கதிரையில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழும்பிப் பார்த்தால் சீலைக்குக் கீழே உங்கள் கால்கள் அதே இடத்தில். நான் இருக்கிறேன் என்றுதான் இந்த மனுசி சாப்பிடாமல் நிற்கிறா என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல மருமகன் பாருங்கள், நீங்கள் சங்கடமில்லாமல் சாப்பிடட்டும் என்று நேரத்தோடே சேர்ட்டை மாட்டிக்கொண்டு துறைக்குப் போய்விட்டேன்.

பின்நேரம் வசந்தி வந்து சீலையை விலக்கினபோது நீங்கள் அங்கேயேதான் நின்றீர்களாம். அடுப்பில் பால் கருகிச் சட்டி கறுத்துப்போய் இருந்ததாம். ஒரு கால் வாசற்படியை ஒட்டி, மற்றக் கால் பின்னால். கை வாசல் நிலையைப் பிடித்தபடி. உடுத்திருந்த சீலை நனைந்து, கால்களைச் சுற்றி ஈரம். நிலத்தில் ஒட்டிவிட்டதுபோல உங்கள் கால் எழும்பவில்லை. நான் கண்ணயர்ந்து கிடந்தபோதும் நீங்கள் அப்படித்தான் நின்றிருக்கிறீர்கள், எனக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு நூல்சீலை.

“மருமகன் வீட்டதானே இருந்தாரு? ஏம்மா கூப்பிடல்ல?” என்று வசந்தி அழுதிருக்கிறாள்.

நீங்கள் மெல்லிய குரலில் சொன்னீர்களாம்: “என்ன சொல்லிக் கூப்பிடுற, புள்ள?”

வசந்தி இதை எனக்குச் சொன்ன பொழுதை நான் மறக்க மாட்டேன். ஒரே வீட்டில் இத்தனை வருசம். கால் இறுகி நிற்கிற நேரத்தில் என்னைக் கூப்பிட உங்களிடம் ஒரு சொல் இருக்கவில்லை. அதைத்தான் நான் மரியாதை என்று துறையில் அளந்துகொண்டு திரிந்தேன்.

கிளினிக்கில் இளம் டொக்டர் பிள்ளை ஒன்று பொறுமையாக விளங்கப்படுத்தியது. நீங்கள் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள், நான் கதவோடு ஒதுங்கி நின்றேன்.

“இது நடுக்கவாதம், அம்மா. மூளையில டோபமின் எண்டு ஒரு பொருள் இரிக்கு. நட, கையத் தூக்கு, சிரி எண்டு மூளை அனுப்புற செய்திய ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குக் குடுக்க அது வேணும். உங்களுக்கு அதச் சுரக்கிற கலங்கள் குறைஞ்சு போச்சு. அதாலதான் வாசலடியில கால் ஒட்டுது. குரலும் தேஞ்சு போச்சு.” பிறகு வசந்தியைப் பார்த்து, “முகமும் அப்பிடித்தான். அவவுக்குச் சிரிக்க மனமில்லாம இல்ல. சிரிப்பு முகத்துக்கு வந்து சேருதில்ல,” என்றது.

நான் நிலத்தைப் பார்த்தேன். அக்கா படலையடியில் சொன்னதும், நான் முறுக்கிக்கொண்டு பாண் தின்றதும் கண்ணுக்குள் வந்து நின்றன. ஏதாவது பேசினால் தேவலை போலிருந்தது. “அப்ப அந்த டோபமினையே குளிசையாக் குடுக்கலாமே?” என்று கேட்டேன்.

“குடுக்கலாம், ஆனா மூளைக்குள்ள போகாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில ஒரு காவல் இரிக்கு, அது டோபமின உள்ள விடாது. அதால அதுக்கு முந்தின நிலையில இரிக்கிற பொருளத் தாறம். லெவோடோபா. அத உள்ள விடும். உள்ள போன பிறகுதான் அது டோபமினா மாறும். வழியிலயே மாறிப் போகாம இரிக்க இன்னொரு மருந்தையும் அதே குளிசையில சேத்திரிக்கு.”

எனக்கு உடனே விளங்கியது. அக்கரையில் நானும் யாரோ ஒரு ஆள்தானே. கடந்து வந்து உங்கள் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் மருமகன் ஆனேன். இதைப் பஸ்ஸில் வரும்போது வசந்தியிடம் சொன்னேன், உங்களுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே. நீங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்துச் சொன்னீர்கள், “குளிசை உள்ள போனா வேலை செய்யுமாம். பாப்பம்.” என்னைக் குத்திச் சொன்னீர்களா, குளிசையைச் சொன்னீர்களா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். வசந்தி மட்டும் சிரித்தாள்.

குளிசை வேலை செய்தது. சில கிழமையில் குசினிக்குள் உங்கள் நடை கேட்டது, பூனைக்கு ஏச்சு விழுந்தது. எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. மாமிக்குப் பலம் வேண்டும் என்று வசந்தியிடம் சொல்லிக்கொண்டு, பாதையில் வருகிற முதல் தரமான வாவி மீனையும் இறாலையும் நான்தான் எடுத்து வந்தேன். படுவான்கரையிலிருந்து எருமைத்தயிர் முட்டி முட்டியாக இறங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் இல்லாத நாளில்லை, தயிர் இல்லாத நாளுமில்லை.

ஆனால் காலைக் குளிசைக்கு எழும்பி நடந்த உங்கள் கால், மத்தியானக் குளிசைக்கு மசியவில்லை. பின்நேரமெல்லாம் கட்டிலோடு இறுகிக் கிடந்தீர்கள். மருந்து பழுதாம், டொக்டர் சின்னப் பிள்ளையாம் என்று நான் வாய்க்கு வந்தபடி குறை சொன்னேன். மறுபடி கிளினிக்குக்குப் போனோம்.

“மத்தியானக் குளிசைய எத்தின மணிக்குப் போடுறீங்க?”

“சாப்பாட்டோட,” என்றாள் வசந்தி.

“சாப்பாடு எத்தின மணிக்கு?”

வசந்தி உங்களைப் பார்த்தாள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள், “அவர் சாப்பிட்டாப் பிறகு.”

“எவர்?”

வசந்தி கையை நீட்டி என்னைக் காட்டினாள். டொக்டர் பிள்ளையும் திரும்பிப் பார்த்தது, பக்கத்தில் நின்ற நேர்ஸும் பார்த்தா.

“சரி, இவர் எத்தின மணிக்குச் சாப்பிடுவாரு?”

“பாதை வந்தாப் பிறகு,” என்றீர்கள்.

நேர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. எனக்கு நின்ற இடத்திலேயே நிலம் பிளக்காதா என்றிருந்தது. காற்று எழும்பினால் எங்கள் பாதை பிந்தும். பாதை பிந்தினால் நான் பிந்துவேன். நான் பிந்தினால் உங்கள் மூளைக்குப் போக வேண்டிய மருந்தும் பிந்தும். வெறும் வயிற்றில் குளிசை போடக்கூடாது என்பது உங்கள் பிடிவாதம், மருமகன் சாப்பிடாமல் தான் சாப்பிடக்கூடாது என்பது அதைவிடப் பெரிய பிடிவாதம்.

டொக்டர் பிள்ளை சிரிக்கவில்லை. “மீன், தயிர் எல்லாம் நல்ல சாப்பாடுதான். ஆனா அதுகள்ல இரிக்கிற புரதம் செரிச்சு வாற பொருளும் இந்தக் குளிசையும் மூளைக்குள்ள போறது ஒரே வழியால. ரெண்டும் ஒண்டா வந்தா குளிசைக்கு இடம் கிடைக்காது. மத்தியானக் குளிசைய நேரத்துக்கு, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னால போடுங்க. மீனையும் தயிரையும் ராவைக்கு வச்சுக்கொள்ளுங்க,” என்றது.

சந்தை நாளில் எங்கள் பாதையைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. மூட்டையும் சைக்கிளும் முன்னால் ஏறி நிறைத்துவிட்டால், அவசரமாகப் போக வேண்டிய மனுசி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த மூட்டைகளை ஒவ்வொரு நாளும் சந்தோசமாக ஏற்றிவிட்டவன் நான். பாசம் என்றுதான் நினைத்தேன் மாமி.

அதற்குப் பிறகு மத்தியானக் குளிசை என் பொறுப்பாகியது. உங்கள் விரலால் குளிசையைப் பிரிக்க முடியாது, வசந்தி பகலில் தையல் கடை வேலையில். பாதையில் மற்றவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு நேரத்துக்கு ஓடி வந்து, சீலைக்கு முன்னால் தண்ணீரும் குளிசையுமாக நின்றேன். “மாமி, குளிசை.” மறுபடி, “மாமி.” பூனைதான் முதலில் வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. மூன்றாம் முறை கூப்பிடலாமா என்று நினைக்கும்போது சீலையின் ஓரத்தால் உங்கள் கை வந்தது.

அதுவரை அந்தக் கையை நான் பார்த்ததில்லை. அவ்வளவு வருசம் அது சமைத்ததைத் தின்றேன், கையைப் பார்த்ததில்லை. காற்றில் இலை ஆடுவதுபோல அது ஆடியது. உள்ளங்கையில் குளிசையை வைத்தேன், விழுந்து உருண்டது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. கடைசியில் உங்கள் மணிக்கட்டை நான் பிடிக்க வேண்டி வந்தது. நீங்கள் சீலைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றீர்கள். இரண்டு பேருக்கும் வெட்கம். ஏதோ களவு செய்கிற ஆட்கள்போல நின்றோம்.

அப்படிக் கொஞ்சக் காலம் போனது. ஒரு நாள் நீங்களே பூனைக்குச் சொன்னீர்கள், “இந்தச் சீலை கால்ல சிக்குது. ஆராச்சும் கழட்டினா நல்லம்.” நான் கதிரையில் ஏறிக் கழற்றினேன். கழற்றி மடிக்கும்போது என் கண் கலங்கியது, நீங்கள் பார்க்கக்கூடாது என்று மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நிலத்தில் கோடு இருந்தால் ஒட்டின கால் அதைத் தாண்ட எழும்பும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். பாதையின் தளத்துக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ட் இருந்தது. அன்றைக்கும் இதே தின்னர் மணம்தான். நீங்கள் வாசலில் வந்து நின்று கோட்டைப் பார்த்தீர்கள். கால் மெல்ல எழும்பியது, முதல் கோட்டைத் தாண்டியது, அடுத்ததையும் தாண்டியது. எங்களுக்கு நடுவில் ஒன்றுமில்லாமல், வீட்டு மண்டபத்தில், என் முன்னால் வந்து நின்றீர்கள். எங்கே பார்ப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

குளிசையை மட்டும் எனக்கு முந்திப் போட்டீர்கள். சோற்றில் இறங்கி வரவேயில்லை. நடக்க முடியாமல் போய், வசந்தி கரண்டியால் ஊட்டிய காலத்திலும் முதல் கேள்வி “அவர் சாப்பிட்டாரா?” என்பதுதான். ஓம் என்று அவள் சொன்னால்தான் வாய் திறக்கும்.

கடைசி மாரியில் ஒரு பகல். வசந்தி மருந்தெடுக்க ரவுனுக்குப் போயிருந்தாள். அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“மனே.”

யாரையோ கூப்பிடுகிறீர்கள் என்று நான் கதிரையிலேயே இருந்தேன். உங்களுக்கு ஆண்பிள்ளை இல்லையே. மறுபடியும், “மனே, இஞ்ச வாங்க.” ஓடி வந்தேன். கக்கூசுக்குப் போக வேண்டும், உடம்பு அசையவில்லை. தூக்க வேண்டும். நீங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “நீங்களும் கண்ண மூடிக்கங்க,” என்றீர்கள். நானும் மூடிக்கொண்டேன். சத்தியமாக மூடித்தான் நடந்தேன், என் தோள் நிலையில் போய் நல்லாக அடித்தது. என் கையில் உங்கள் உடம்பு குலுங்கியது. அழுகிறீர்கள் என்று பயந்து கண்ணைத் திறந்தால், முகம் கல்லுப்போல இருக்கிறது, தோள் மட்டும் குலுங்குகிறது. சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு முகத்துக்கு வராமல் தோளோடு நின்றதை அக்கா பார்த்திருக்க வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

நெஞ்சில் சளி கட்டி நீங்கள் போய் நாளைக்கு ஒரு வருசம். அந்த ஒரு சொல்லுக்கு ஏன் அவ்வளவு காலம் காத்திருந்தேன், சீலையைத் தூக்கி என்ன மாமி என்று கேட்க எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று இன்னும் வெட்கப்படுகிறேன். மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது கண் தன்பாட்டில் வாசலுக்குப் போகிறது. கோட்டை மிதிக்காமல் தாண்டித்தான் குசினிக்குள் போகிறேன், என் காலுக்கு ஒன்றும் இல்லை.

நாளைக்குக் குசினிக்குள் உங்களுக்குப் படையல் வைக்கிறோம். வசந்தி மீனும் இறாலும் சொல்லி வைத்திருக்கிறாள், அக்கா தயிர் முட்டியோடு காலைப் பாதையில் வருகிறா. எல்லாவற்றையும் ஒன்றாகச் சாப்பிடலாம் மாமி, இனி அவை எந்தக் குளிசைக்கும் இடம் விட வேண்டியதில்லை. படைத்த பிறகு, நீங்கள் வந்து சாப்பிட, எல்லாரும் வெளியே வந்து வாசலை மூடிவிட்டு நிற்க வேண்டும். அந்த வாசலுக்குக் கதவில்லை. பெட்டியிலிருந்து உங்கள் நூல்சீலையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், நாளைக்குத் திரும்பவும் கட்டுவேன்.

இந்தப் பக்கத்தில், மஞ்சள் கோட்டில், பசியோடு நான் நிற்பேன். சீலைக்குக் கீழே என் கால் தெரியும். நீங்கள் ஆறுதலாகச் சாப்பிடுங்கள்.